ஊர்காவற்றுறை யானையும் நெடுந்தீவுக் கெப் வண்டியும்

பாரத்தை எங்கே வைப்பது? வண்டி கட்டத் தொடங்கிய நாளிலிருந்து மனிதன் கேட்டுவரும் கேள்வி இது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஜீப் வண்டிகளை வைத்திருப்போர் இன்றைக்கும் இதைப்பற்றி ஓயாமல் வாதிடுகிறார்கள். மேலதிகச் சில்லை எங்கே மாட்டுவது, எரிபொருட் கலனை எங்கே கட்டுவது, கூரைமேல் எவ்வளவு ஏற்றலாம் என்று அவர்களுக்குள் முடிவற்ற சர்ச்சை. யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதியை இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

தீவகத்துக்குப் போகுமுன் சங்க காலத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவோம். மேலதிகச் சில்லு பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்று புறநானூற்றின் 102ஆம் பாடலில் இருக்கிறது. பாடியவர் ஔவையார். பாடப்பட்டவன் அதியமானின் மகன் பொகுட்டெழினி. உமணர் எனப்படும் உப்பு வணிகர்கள் தங்கள் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். எருதுகளோ இளையவை, நுகம் அறியாதவை. வண்டியிலோ சரக்கு நிறைந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமென்று யார் அறிவார்? அதற்காகத்தான் அந்தச் ‘சேம அச்சு’. தலைவனை அதற்கு ஒப்பிடுகிறார் ஔவையார்.

உரையாசிரியர்கள் உவமையின் நயத்தை விரித்துரைப்பார்கள். எனக்கோ அந்த அச்சு கட்டப்பட்ட இடத்தின்மீதே கண். அச்சு என்பது வைரம் பாய்ந்த மரம், கனமானது. அதை உப்பு மூடைகளின்மேல் போட்டுக்கொண்டு போகவில்லை. வண்டியின் பின்புறத்தில் தொங்கவிடவுமில்லை. அடியிலே, நிலத்துக்கு அண்மையில், இறுகக் கட்டினார்கள். இன்றைக்குப் பல கெப் வாகனங்களில் மேலதிகச் சில்லு பெட்டிக்கு அடியிலே தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உமணர்கள் கண்ட இடம் அதுதான்.

மாட்டு வண்டில் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு சில்லு வண்டில் ஒரு தராசு. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகம் எருதுகளின் பிடரியை அழுத்தும். சிறிது தூரத்திலேயே தோல் உரியும். பின்னால் கூடினால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ஏற்றம் வந்தால் மாடு மூச்சுமுட்டி நிற்கும். ஆகவே அச்சுக்கு நேர்மேலே பாரமான மூடைகள்; நுகத்தில் ஒரு சிறு அழுத்தம் இருக்குமளவுக்கு முன்பாரம்; வைக்கோல் போன்ற பாரமற்றவை உயரத்தில். ஓட்டுபவர் சற்று முன்னே நகர்ந்து, சற்றுப் பின்னே நகர்ந்து, தம் உடலையே படிக்கல்லாக்கி மிச்சத்தைச் சரிசெய்துகொள்வார். மோட்டார் வாகனத்தில் நான்கு சில்லுகள் இருப்பதால் தவறு உடனே தெரிவதில்லை. மாடு தெரிவித்துவிடும்.

தீவகத்தில் ஒரு சிக்கல் உண்டு. பண்ணைக் கடலுக்கும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள கடலுக்கும் தாம்போதிகள் அமைவதற்கு முன்னர் அங்கே வண்டிப்பாதை என்று ஒன்று தொடர்ந்து இருக்கவில்லை. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எல்லாவற்றுக்கும் இடையில் ஆழங்குறைந்த கடல். அங்கே தோணிதான் வண்டில். பாரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி தோணியில் இன்னும் கூர்மையாகிவிடுகிறது. வண்டில் சரிந்தால் மூடை மண்ணில் விழும். தோணி சரிந்தால் எதுவும் மிஞ்சாது.

தோணி சரிந்தால் நட்டம் யாருடையது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மன்னன் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு அது. முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட சிங்கள மன்னன் தன் ஆணையைத் தமிழில் வெட்டுவித்திருக்கிறான் என்பதை மட்டும் பலர் எடுத்துச் சொல்வார்கள். அது முக்கியமானதுதான். இந்தத் துறைமுகத்துக்கு வந்துபோனவர்களின் மொழி எது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் இக்கல்வெட்டைப் பதிப்பித்து வெளியிட்டார்.

கல்வெட்டின் உள்ளடக்கத்தை என் சொற்களில் தருகிறேன். பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புத் தரப்படும். பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறையில் வந்து கூட வேண்டும். நமக்கு யானையும் குதிரையும் விருப்பமானவை. ஆகவே அவற்றை நமக்குக் கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற வாணிகச் சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

இதிலுள்ள கணக்கைக் கவனிக்க வேண்டும். கரையொதுங்கிய கலத்தின் சரக்கு கரையை ஆள்பவனுக்கே என்பது அக்காலத்தில் உலகின் பல கடற்கரைகளில் நிலவிய வழக்கம். பராக்கிரமபாகு அந்த உரிமையை வரம்பிட்டுக்கொள்கிறான். சாதாரணச் சரக்கென்றால் பாதியோடு நிறுத்திக்கொள்கிறான். ஆனையும் குதிரையும் என்றால் இன்னும் இறங்கி வருகிறான். ஏன்? விருப்பமானவை என்று கல்வெட்டே காரணம் சொல்லிவிட்டது. ஆனால் விருப்பத்தோடு நின்றுவிடும் காரணமாக எனக்கு அது தோன்றவில்லை. நெல் மூடையும் துணிப்பொதியும் வைத்த இடத்தில் கிடக்கும். யானையும் குதிரையும் நிற்கும். நிற்பதோடு அசையும். கட்டுத்தறியில் நிற்கும் யானை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றி ஆடிக்கொண்டே இருப்பதைக் கோயில்களில் பார்க்காதவர் யார்? மூன்று நான்கு தொன் நிறையுள்ள ஓர் உயிர், மரக்கலத்தின் வயிற்றில் நின்று அப்படி ஆடுவதை எண்ணிப்பாருங்கள். கலங்கள் உடைவதற்கு மற்றச் சரக்கைவிட இந்தச் சரக்கில் வாய்ப்பு அதிகம். அந்த ஆபத்தில் இறங்குகிற வணிகனுக்கு முக்காற்பங்கு மிஞ்சும் என்ற உறுதி இல்லாவிட்டால் அவன் வேறு துறைக்குப் போய்விடுவான். இது என் ஊகம். கல்வெட்டு இதைச் சொல்லவில்லை.

அந்த ஊராத்துறைதான் பின்னர் ஊர்காவற்றுறை. அதே காலத்துச் சோழர் கல்வெட்டொன்றும், தொண்டைமண்டலத்துத் திருவாலங்காட்டில், இந்தத் துறையின் பெயரைச் சொல்கிறது. பராக்கிரமபாகு சோழ நாட்டுக்கு எதிராகக் கப்பல் கட்டிப் படை திரட்டிய இடங்களில் ஊராத்துறையும் ஒன்று என்பது இரண்டாம் இராசாதிராசன் காலத்து அக்கல்வெட்டின் செய்தி. இரண்டையும் சேர்த்து வாசித்தால், கப்பல் கட்டுந் தொழிலும் பாரம் ஏற்றுந் தொழிலும் ஒருங்கே வளர்ந்த துறை அது என்பது தெளிவாகும்.

பராக்கிரமபாகு யானை தருவித்தான் என்றால், பின்வந்தவர்கள் யானையை ஏற்றுமதி செய்தார்கள். ஈழத்து யானை கடல் கடந்த கதை அதற்கும் மிகப் பழையது. இத்தீவினர் பெரிய மரக்கலங்களைக் கட்டி யானைகளை எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்க் கலிங்க மன்னனுக்கு விற்றார்கள் என்று ஏலியன் என்ற உரோமானியர் கிரேக்க மொழியில் எழுதிவைத்திருக்கிறார். 1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் வீழ்த்திய பின்னர் அந்த வணிகம் அவர்கள் கைக்குப் போயிற்று. அவர்கள் மொழியில் ‘கைஸ்’ என்றால் இறங்குதுறை. யானைகளின் இறங்குதுறை என்றே ஊர்காவற்றுறையை அழைத்தார்கள். யானை உதிர்ந்து துறை மட்டும் ‘கைட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகளைக் களப்பின் ஆழங்குறைந்த இடத்தால் நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த இடத்தின் பெயர் ஆனையிறவு. உலகம் முழுவதும் போர்ச் செய்திகளால் அறிந்த அந்தப் பெயருக்குள் இருப்பது ஒரு சரக்குப் பாதை.

1658இல் வந்த ஒல்லாந்தர் இதைக் கணக்குப் புத்தகமாக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் கம்பனியின் தளபதியாயிருந்த சுவார்டகுரோன் 1697ஆம் ஆண்டில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில் யானை வணிகத்துக்குத் தனி இடம் உண்டு. கோல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து வணிகர்கள் வந்து வாங்கிச் சென்றார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை அந்த வாய்க்காலுக்குக் காவல். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டைக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹம்மன்ஹீல். இலங்கையின் வடிவம் பன்றித் தொடையைப்போல் தெரிந்ததாம். இந்த இடம் அதன் குதிகால். தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். லைடன் இன்றும் வேலணைத் தீவின் பெயராக ஆவணங்களில் உண்டு. நெடுந்தீவோ ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்றே நிலைத்துவிட்டது.

நெடுந்தீவுக்கு யானை வாய்க்கவில்லை, குதிரை வாய்த்தது. போர்த்துக்கேயர் தொடங்கியதை ஒல்லாந்தர் பெரிதாக்கி, அங்கே குதிரைகளை வளர்த்தார்கள். சுற்றிலும் கடல் என்பதால் வேலி வேண்டாம், திருட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயருக்காக அத்தீவை மேற்பார்வை செய்த நோலன் என்ற லெப்டினன்ட் ஏறத்தாழ ஒரு சிற்றரசனாகவே அங்கே வாழ்ந்தார். குதிரை லாயங்களின் தூண்கள் வரிசையாக இன்றும் நிற்கின்றன. அந்தக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டாக்காலிகளாக வெளியில் மேய்கின்றன. 2015ஆம் ஆண்டில் அத்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நெடுந்தீவின் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முருகைக்கல் நிலம். வளவுகளுக்கு மதில்கூட அந்தக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டியதுதான். மலையில்லை, குன்றில்லை. தட்டையான தீவில் பாரம் எங்கிருந்தால் என்ன என்று புதிதாக வருவோர் எண்ணுவதுண்டு. தவறு. கல் துருத்திய பாதையில் ஒரு பக்கச் சில்லு ஏறி இறங்கும்போது, கூரையில் ஏற்றிய பாரம் ஊஞ்சல்போல வண்டியை மறுபக்கம் இழுக்கும். அடுத்த கல் அதே தாளத்தில் வந்தால் ஆட்டம் இரட்டிக்கும். கரையோர மணலில் வேறு கதை. பின்னச்சுக்கும் பின்னால் பாரம் தொங்கினால் பின்சில்லுகள் புதையும், முன்சில்லுகள் பிடிப்பை இழக்கும், சுக்கான் பேச்சைக் கேட்காது. முருகைக்கல்லின் கூர்முனை ரயரைக் கிழிப்பதால் மேலதிகச் சில்லு இல்லாமல் ஓடவும் முடியாது. உமணனின் நிலைதான்.

இரண்டாம் உலகப் போரோடு வில்லிஸ் ஜீப் இலங்கைக்கு வந்தது. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தலைமையகம் கண்டிக்கு வந்தபோது இராணுவ வாகனங்கள் பெருகின. ஜீப்பின் பின்புறத்தில் மேலதிகச் சில்லையும் எரிபொருட் கலனையும் காணலாம். 1948இல் பிறந்த லாண்ட்ரோவரில் சில்லைப் பலர் முன்மூடியின்மேல் மாட்டினார்கள். பார்வைக்கு மிடுக்கு. ஆனால் மூடியைத் திறக்க இருவர் வேண்டும். கூரைத்தட்டு என்பது பிற்காலத்து மோகம். நீண்ட பயணம் செய்பவர்கள் உலகெங்கும் ஒப்புக்கொள்ளும் முறை இதுதான்: தண்ணீர், எரிபொருள், மின்கலம், இரும்புக் கருவிகள் ஆகியவை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தளத்தோடு தளமாக, அசையாமல் கட்டப்பட வேண்டும், கூடாரமும் படுக்கையும் மேலே போகலாம். தண்ணீர்க் கலனில் ஒரு நுட்பம் உண்டு. நிறைந்த கலனைவிடப் பாதி நிறைந்த கலன் பொல்லாதது. உள்ளே அலைந்து, வண்டி திரும்புகிற நேரத்தில் தானும் ஒரு பக்கம் போய் மோதும். நெடுந்தீவில் குடிநீரை உழவு இயந்திரத்தின் பின்னால் தாங்கியில் இழுத்துச் செல்வோருக்கு இது தெரிந்த சங்கதி.

தீவகமும் லாண்ட்ரோவரும் என்றவுடன் செய்தித்தாளில் வேலை செய்த எவருக்கும் ஒரு நாள் நினைவுக்கு வரும். 1992 ஓகஸ்ட் 8. அராலித்துறையில் நடந்த கண்ணிவெடியில் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ, விஜய விமலரட்ண, கடற்படையின் மொகான் ஜயமஹா ஆகியோரும் வேறு அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். ஒரு படையின் வடக்குத் தலைமையே ஏறத்தாழ ஒரே வண்டியில் ஏறியிருந்தது. அதன் அரசியலையும் அதைச் சுற்றிய விசாரணைகளையும் இங்கே கிளற வேண்டாம்.

அந்த ஆண்டுகளில் மக்களிடம் ஜீப் இல்லை. சைக்கிள் இருந்தது. பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் மருந்தாகிவிட, விறகும் அரிசியும் மண்ணெண்ணெயும் நோயாளியும்கூடச் சைக்கிளில்தான் போயினர். மூடையைக் கரியரில் உயர்த்திக் கட்டியவன் முதல் வளைவில் விழுந்தான். அனுபவப்பட்டவன் ஒரு மூடையை ‘பார்’ சட்டத்தின் நடுவே செருகினான். மற்றதைக் கரியரின் இருபுறமும் சரிசமமாகத் தாழ்த்தித் தொங்கவிட்டான். பிறகு ஏறவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தான். 1954இல் தியன் பியன் பூ போர்முனைக்கு வியட்நாமியர் ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் தள்ளிச் சென்றதை இராணுவ வரலாற்று நூல்கள் வியந்து எழுதுகின்றன. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய மக்கள் தள்ளிய சைக்கிள்களை எந்த இராணுவ நூலும் எழுதப்போவதில்லை. ஆனால் முறை ஒன்றேதான்.

இனி இன்றைய நெடுந்தீவு. உல்லாசப் பயணிகளும் புலம்பெயர்ந்த நம்மவர்களும் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் போய் இறங்குகிறார்கள். கரையில் கெப் வண்டிகள் நிற்கும். பின்பெட்டியில் நின்றபடி பெருக்க மரத்தையும் குதிரைகளையும் பார்த்துவருவார்கள். நின்றபடி என்பதை அடிக்கோடிட வேண்டும். பத்துப்பேர் நிற்கும் பெட்டியில் பாரத்தின் நடு, மார்பளவு உயரத்துக்குப் போய்விடுகிறது. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் படமெடுக்கிறார்கள். ஆடும் யானையை ஏற்றிய மரக்கலத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. உட்கார்ந்தால் போதும், நான் சொல்லி யாரும் உட்காரவில்லை.

உண்மையான பாரம் படகில்தான். நெடுந்தீவில் ஒரு வீடு கட்ட வேண்டுமானால் சீமெந்து, இரும்புக் கம்பி, ஓடு எல்லாம் கடல்வழி. வாகனமே அங்கே போவதானாலும் கடல்மேல் அது ஒரு பாரம்தான். இரண்டு வள்ளங்களைப் பிணைத்து மேலே பலகை பரப்பும் மிதவைக்குத் தமிழில் ‘சங்கடம்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. போர்த்துக்கேயர் அச்சொல்லை எடுத்துக்கொண்டு போய் ‘ஜங்காட’ ஆக்கினார்கள்; பிரேசில் நாட்டு மீனவர்களின் மரக்கலத்துக்கு இன்றும் அதுவே பெயர். ஈழத்தில் இதை வெறுமனே ‘பாதை’ என்கிறோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடுவதும் பாதைதான்.

சீமெந்தில் ஒரு முரண் இருக்கிறது. 50 கிலோ பை. படகின் அடிவயிற்றில் இருக்க வேண்டிய பாரம். ஆனால் அடிவயிற்றில் கசிவுநீர் நிற்கும். நனைந்தால் சீமெந்து கல்லாகிவிடும். அரிசிக்கும் மாவுக்கும் அதே பயம். ஆகவே நனையக் கூடாத பாரமெல்லாம் மேலே போகிறது, பாரமில்லாத மனிதன் கீழே இறங்குகிறான். பழைய தோணிக்காரர்கள் அடியில் பனஞ்சலாகை பரப்பி, அதன்மேல் சரக்கை அடுக்கிப் பாயால் மூடினார்கள். நேரம் பிடிக்கும் வேலை. இன்றைய அவசரத்தில் மோட்டார் சைக்கிளும் மூடையும் பயணிகள் படகின் மேற்றளத்தில் ஏறுவதைக் குறிகட்டுவானில் நானே கண்டிருக்கிறேன். குமுதினி, வடதாரகை, 2017இல் வந்த நெடுந்தாரகை என்று படகுகளின் பெயர்களை மக்கள் உறவினர் பெயர்போலச் சொல்வார்கள். 1985 மே 15ஆம் நாள் குமுதினியில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவோடுதான் அந்தப் பெயர் இன்னமும் உச்சரிக்கப்படுகிறது. அதைத் தனியே எழுத வேண்டும்.

2021 நவம்பர் 23ஆம் நாள் கிழக்கே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் படகுப்பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டி முடியும்வரை தற்காலிகமாக ஓடவிட்ட மிதவை. பாடசாலைச் சிறார்கள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தார்கள். பிறகு கைதுகளும் ஊர்வலங்களும் அறிக்கைகளும் வந்தன. தீவகத்தில் அப்படியொன்று நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். சரக்குக்கென்று தனிப்படகு, ஒழுங்கான கால அட்டவணையில், சீமெந்து நனையாத அடித்தளத்தோடு ஓடினால் மேற்றளத்தில் மூடை ஏற வேண்டிய தேவையே இல்லை.

செலவு யாருடையது என்று கேட்பார்கள். நயினாதீவுக் கல் அதைத்தான் பேசுகிறது. உடைந்த கலத்தில் அரசு எடுக்கக்கூடியதைக் குறைத்துக்கொண்டு, துணிந்து பாரம் ஏற்றியவனுக்குக் கூடுதலாக விட்டுக்கொடுத்தான் ஒரு மன்னன். தன்னுடைய பங்கு என்னவென்று முன்கூட்டியே எழுதியும் வைத்தான். இன்று நெடுந்தீவான் ஒருவனின் சீமெந்து கடலில் போனால் யாருக்கு எத்தனை பங்கு என்று எந்தக் கல்லிலும் இல்லை. முழுப்பங்கும் அவனுக்கே.

நயினாதீவுக்குப் போகிறவர்கள் அம்மனைத் தரிசித்துவிட்டு அந்தக் கல்வெட்டையும் கேட்டுப் பாருங்கள். மேற்பகுதி இழந்த துண்டுக்கல்தான். எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, தொட்டுப் பார்ப்பதைத் தவிருங்கள்.